சான்றோர் யார்? — ஒரு சொல்லின் வரலாறு

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் விழா அழைப்பிதழ் அச்சாகும்போது, சான்றோர் பெருமக்களையும் தாய்மார்களையும் வருக வருக என்று அழைக்கும் தொடர் அதில் இடம்பெறத் தவறுவதில்லை. மேடையேறி வரவேற்புரை கூறுவோரும் அச்சொல்லையே முதலில் எடுப்பர். எதிரே அமர்ந்திருக்கும் நாமும் கேட்டு மகிழ்ந்து கைதட்டுகிறோம். ஆயினும், சான்றோர் என்பதற்குப் பொருள் யாது என்று நம் பிள்ளைகளுள் ஒருவர் கேட்டால், 'நன்றாகப் படித்தவர்' என்று ஒரு சொல்லில் விடை கூறி முடித்து விடுகிறோம். அவ்விடை முற்றும் பொருந்துமா? அச்சொல் எவ்வேரினின்று தோன்றியது, எவரெவரைக் குறித்தது, எவ்வாறு நம் மேடைவரை வந்தது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டா. நம் காலனியில் பெண் பார்க்க வருவோர் முதலில் கேட்பது 'படிப்பு என்ன?' என்பதே. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் எந்த வீட்டில் எத்தனை மதிப்பெண் என்பதே பேச்சு. கூட்டங்களில் பட்டம் பெற்றவர் முன் வரிசையிலும், பெறாதவர் பின் வரிசையிலும் தாமாகவே சென்று அமர்வதைக் காண்கிறோம். 'எனக்கு என்ன தெரியும், நான் படிக்காதவள்' என்று சொல்லி ஒதுங்கும் தாய்மார் நம் வீடுதோறும் இருக்கின்றனர். மெட்ரிகுலேஷன் வரை படித்து, குடும்ப நிலையால் அவ்வளவில் நின்று, ரெயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்தவன் நான். ஆதலின் கற்றவர் யார், கல்லாதவர் யார் என்னும் வினா எனக்கு ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. மற்றொன்றும் உண்டு. தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் நன்றாகப் படிக்கும் நம் பிள்ளைகளுள் பலர், ஊரிலிருந்து பாட்டி எழுதும் தமிழ்க் கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் நிற்கின்றனர். அவர்களைப் படித்தவர் என்பதா, படியாதவர் என்பதா? இவ்வினாக்களுக்கு ஒரு பழஞ்சொல் விடை தருமாயின் அதனைக் கேட்பது நம் கடமை.

கற்றவரைக் குறிக்கும் சொற்கள்

கல்வியுடையாரைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. அவை ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கினும், ஒவ்வொன்றும் தனித்தனிப் பிறப்பும் தனித்தனிக் குறிப்பும் உடையது.

'கற்றோர்' என்பது கல் என்னும் வினையடியாகப் பிறந்தது. கன்னடத்தில் கற்றலைக் கலி என்பர். தெலுங்கிலும் கறசு என்னும் பழைய வினை இப்பொருளில் உண்டு. கல் என்பதற்குத் தோண்டுதல் என்னும் பொருளும் தமிழில் உண்மையால், கல்வியை அகழ்தலோடு இணைத்துக் காண்பது நம் புலவர் மரபு. வள்ளுவரும் கல்வி அதிகாரத்தில் மணலிலே தோண்டிய கிணற்றை உவமை காட்டுகிறார்.

'அறிஞர்' என்பது அறி என்பதன் வழிவந்தது. நம் அண்டை வீட்டார் தெலுங்கில் எறுகு என்று சொல்வதும் இதன் உறவே.

'புலவர்' என்பது புலம் அல்லது புலமை உடையவர் என்னும் பொருளது. புலம் என்பது அறிவையும் குறிக்கும், நிலத்தையும் குறிக்கும். புலவர் என்பதிலும் புலம்பெயர்ந்தோர் என்பதிலும் இருப்பது இந்தப் புலமே. பிறந்த புலத்தை விட்டுப் பெயர்ந்த நாம், அறிவாகிய புலத்தையும் விட்டுப் பெயர்தல் ஆகாது என்று அச்சொல்லே நமக்கு நினைவூட்டுவது போலும்!

'பண்டிதர்' வடசொல். பள்ளித் தமிழாசிரியரைத் தமிழ்ப் பண்டிதர் என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது. மருத்துவரையும் அப்பெயரால் வழங்கினர். சித்த மருத்துவராகிய அயோத்திதாசப் பண்டிதரும், கருணாமிர்த சாகரம் என்னும் பேரிசை நூலை 1917-இல் வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும் மருத்துவத்தாலும் இப்பெயருக்கு உரியவராயினர்.

'வித்துவான்' என்பதும் வடமொழியில் அறிதலைக் குறிக்கும் வித் என்னும் அடியினின்று வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ்த் தேர்வு ஒன்றுக்கு இப்பெயர் இட்டிருந்தது. இன்றோ பெரும்பாலும் நாகசுரம், தவில், வாய்ப்பாட்டு முதலியவற்றில் வல்லவர்க்கே இது வழங்குகிறது.

'பட்டதாரி' என்பதன் பொருள் பட்டத்தைத் தாங்கியவர் என்பது. பட்டமாவது முற்காலத்தில் சிறப்புக்கு அடையாளமாக நெற்றியில் கட்டிய பொற்றகடு. வெளியிலிருந்து அணிவிக்கப்படுவது அது.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கற்றோர் என்பது ஒருவர் செய்த செயலைச் சொல்கிறது. புலவர், அறிஞர் என்பன அவரிடம் உள்ள அறிவைச் சொல்கின்றன. பட்டதாரி என்பது பிறர் அவர்க்கு அணிவித்ததைச் சொல்கிறது. ஆனால் அந்த மனிதர் எத்தகையவர் என்பதைச் சொல்வது சான்றோர் என்னும் சொல் ஒன்றே.

சொல்லின் வேர்

சான்றோர் என்பதன் வேர் 'சால்' என்பது. நில் என்னும் வினை நின்ற என்றாவது போலச் சால் என்பது சான்ற என்றாகும். சான்றவர் என்றும், சான்றார் என்றும், செய்யுள் வழக்கில் ஆகாரம் ஓகாரமாகிச் சான்றோர் என்றும் வரும். சால் என்பதற்கு நிறைதல், மிகுதல், பொருந்துதல், அமைதல் என்பன பொருள். 'சாலச் சிறந்தது' என்று இன்றும் மேடையில் பேசுகிறோமே, அந்தச் சால என்பது மிகுதி என்னும் பொருளது. மிகுதியைக் காட்டும் உரிச்சொற்களுள் ஒன்றாக அதனை இலக்கண நூலார் எண்ணுவர். நற்குண நிறைவைச் சால்பு என்பதும் இவ்வேரின் வழியே. ஆகவே சான்றோர் என்றால் நிறைந்தவர் என்பதே முதற்பொருள். எதனால் நிறைந்தவர் என்பதை அச்சொல் தன்னுள் கூறவில்லை. அதனைக் காலந்தோறும் மக்களே கூறி வந்துள்ளனர்.

ஈண்டு நம் அன்பர்கள் வியப்புறத்தக்க ஒரு செய்தி உண்டு. திருப்பதிச் சந்தையில் காய்கறி வாங்கும் தாய்மார் நாள்தோறும் 'சாலு' என்னும் தெலுங்குச் சொல்லைக் கேட்கின்றனர், சொல்லவும் செய்கின்றனர். போதும் என்பது அதன் பொருள். 'சாலா' என்றால் மிகவும் என்பது பொருள். 'சாலது' என்றால் போதாது. கன்னடத்திலும் சாலது என்பதற்கு இதுவே பொருள். இவையனைத்தும் நம் சால் என்னும் வேரினின்று கிளைத்தவையே. நன்கு படித்த ஒருவரைப் பற்றித் தெலுங்கர், 'சாலா சதுவுகுன்னாடு' என்று புகழும்போது, அவ்வாக்கியத்தின் முதற்சொல்லும் நம் சான்றோர் என்னும் சொல்லும் உடன்பிறந்தவை. ஒரு வேர், தெலுங்கிலே அது அன்றாடக் கடைவீதிச் சொல்லாயிற்று, தமிழிலே அது மனிதரின் மாண்பைக் குறிக்கும் சொல்லாயிற்று.

இஃது ஊகத்தால் கூறுவதன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை ஒரு குடும்பத்து மொழிகள் என்பதை முதன்முதலாகச் சான்று காட்டி நிறுவியவர், சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை. 1816-இல் வெளிவந்த காம்பெல் என்பாரின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய முகவுரையில், மூன்று மொழிகளின் வேர்ச்சொற்களையும் அவர் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். 40 ஆண்டுகள் கழித்து, 1856-இல், திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தால் அக்கொள்கையை விரித்துரைத்தார். 1961-இல் பர்ரோ, எமனோ என்னும் இரு பேராசிரியர் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி, தமிழ்ச் சால் என்பதனையும் தெலுங்குச் சாலு, சாலா என்பவற்றையும் ஒரே குடும்பமாக வைத்துள்ளது. நம் சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில், தமிழகமும் கருநாடகமும் ஆந்திரமும் கூடும் இடத்தில், 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றதும் இத்தகைய உறவுகளை ஆராய்தற்கே. வெளியூரார் நூலில் தேடி அறியும் இவ்வுண்மையை நாம் வீட்டு வாயிலிலேயே நாளும் கேட்கிறோம். இது நாம் பெற்ற பேறு.

பொருள் வளர்ந்த வரலாறு

நிற்க. நிறைந்தவர் என்னும் இச்சொல் பழந்தமிழகத்தில் யாரைக் குறித்தது? இங்கே நாம் எதிர்பாராத விடை ஒன்று கிடைக்கிறது. சங்க நூல்களில் சில இடங்களில் சான்றோர் எனப்பட்டவர் போர்வீரர். பதிற்றுப்பத்தில் சேர மன்னனை அவன் வீரர்க்குக் கவசம் போன்றவன் என்று புகழுமிடத்தில், வீரரைக் குறிக்க இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. போரே ஆண்மைக்கு அளவுகோலாக இருந்த காலத்தில், வீரத்தால் நிறைந்தவரே நிறைந்தவர் எனப்பட்டனர். புறநானூற்றில் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர், ஒரு மகனை ஆளாக்குவதில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடமைகளைப் பகுத்துக் கூறுகிறார். மகனைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் பங்கு என்கிறார் அவர். அங்கே சான்றோன் என்பதற்கு வீரன் என்றும், நற்பண்பு நிறைந்தவன் என்றும் இருவகையாகப் பொருள் உரைப்பர். அவ்விரு பொருளுக்கும் இடையே நிற்கும் அப்பாட்டே, சொல்லின் பொருள் மாறிவந்த பாதையை நமக்குக் காட்டும் கைகாட்டி மரம் எனலாம்.

திருக்குறளுக்கு வரும்போது சொல் தன் முழுப்பொருளை எய்தி விடுகிறது. 133 அதிகாரங்களுள் கல்வி என்பது 40-ஆம் அதிகாரம். அதனை அடுத்துக் கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என்பன வரிசையாக வருகின்றன. சான்றாண்மை என்பதோ 99-ஆம் அதிகாரம். கல்வியைச் சார்ந்து அதனை வைக்காமல், குடிமை, மானம், பெருமை, பண்புடைமை என்பவற்றோடு சேர்த்தே வைத்தார் வள்ளுவர். சான்றாண்மை என்னும் மாளிகையைத் தாங்கும் தூண்கள் ஐந்து என்பது அவர் கருத்து. பிறரிடம் அன்பு, பழிக்கு நாணுதல், உள்ளதை உலகோடு பகிர்ந்து வாழ்தல், இரக்கம், பொய்யாமை என்பன அவை. இவ்வைந்தனுள் கல்வி ஒரு தூணாக எண்ணப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கல்வியைத் தனியே நான்கு அதிகாரங்களால் போற்றிய ஆசிரியர் மறதியால் அதனை விட்டிருக்க மாட்டார். கல்வி வேறு, சான்றாண்மை வேறு என்று அறிந்தே வைத்தார் என்று கொள்வதே முறை.

இன்னும் ஒன்று. மக்கட்பேற்றைப் பற்றிக் கூறுமிடத்தில், தன் மகனைச் சான்றோன் என்று ஊரார் சொல்லத் தாய் கேட்பதைப் பெருமகிழ்ச்சி என்கிறார் வள்ளுவர். அங்கே சான்றோன் என்று சொல்லிக்கொள்பவன் மகன் அல்லன், தாயும் அல்லள். சொல்வோர் பிறர். பட்டத்தைத் தாமே பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்ளலாம். சான்றோர் என்னும் பெயரை அவ்வாறு எழுதிக்கொள்ள இயலாது. உடன் வாழ்வோர் கண்டு கூற வேண்டிய பெயர் அது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்று கருதப்படும் பரிமேலழகர் இக்குறளுக்கு உரை எழுதும்போது, சான்றோன் என்பதற்குக் கல்வியாலும் கேள்வியாலும் நிறைந்தவன் என்று பொருள் கொண்டார். சான்றாண்மை அதிகாரத்திலோ, பல குணங்களாலும் நிறைந்து அவற்றை ஆளும் தன்மை என்று விளக்கினார். இரண்டிடத்தும் நிறைவு என்னும் வேர்ப்பொருளை அவர் கைவிடவில்லை. வீரத்தின் நிறைவு குணத்தின் நிறைவாகி, அதனோடு கல்வியின் நிறைவும் சேர்ந்ததை இவ்வுரையில் காண்கிறோம். இடைக்காலத்து உரையாசிரியர்கள் சங்கப் புலவர்களையே சான்றோர் என்றும், அவர்கள் பாடல்களைச் சான்றோர் செய்யுள் என்றும் குறிப்பிடலாயினர். இவ்வழியாகவே கற்றவர் என்னும் பொருள் இச்சொல்லில் வலுப்பெற்றது. பின்னர்க் காலப்போக்கில் மற்றைப் பொருள்கள் மங்கிப் 'படித்தவர்' என்பது ஒன்றே நம் காதில் விழுவதாயிற்று.

இலக்கணத்தில் ஒரு நுட்பமும் உண்டு. சான்றோர் என்பது பலர்பால். ஆண், பெண் என்னும் வேறுபாடு அதில் இல்லை. பொன்முடியாரும் ஒளவையாரும் காக்கைபாடினியாரும் சங்கச் சான்றோருள் அடங்குவர். எனவே அழைப்பிதழில் சான்றோரை ஒரு பக்கமும் தாய்மாரை மறுபக்கமும் பிரித்து எழுதும் நம் வழக்கத்திற்கு அச்சொல் இடம் தரவில்லை.

வேங்கடத்தின் அடியில்

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது. மாமூலனார் முதலிய சங்கப் புலவர் வேங்கடத்திற்கு அப்பாலுள்ளதை மொழி வேறுபடும் நாடு என்று பாடினர். அரசியல் எல்லைகளோ பலமுறை மாறியுள்ளன. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வடவெல்லைப் பகுதியில் தமிழ் கற்பித்தலையே வாழ்நாட் பணியாகக் கொண்ட மங்கலங்கிழார் போன்ற ஆசிரியர்களையும் இந்நிலம் கண்டது. எல்லை எங்கே வரையப்பட்டாலும், இரு மொழியும் தோளோடு தோள் உரசி வாழ்வதே இங்குள்ள இயல்பு.

திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. 1930-களில் தேவஸ்தானத்தார் அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. விசயநகர வேந்தர் காலத்தில் ஒருவர் கோயிலுக்குப் பணம் செலுத்தினால், அப்பணத்தைக் கோயிலூர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவதற்குச் செலவிடுவர். அதனால் மிகும் விளைச்சலைக் கொண்டு, கொடுத்தவர் பெயரால் நாள்தோறும் திருவமுது படைப்பர். அரிசி எத்தனை மரக்கால், நெய் எத்தனை நாழி, பயறு, உப்பு, மிளகு எவ்வளவு, பிரசாதத்தில் கொடுத்தவர்க்கு உரிய பங்கு எவ்வளவு என்பதெல்லாம் கல்லில் எழுதப்பட்டன.

அக்காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் கோயில் கணக்கனாகிய திருநின்றவூர் உடையான் என்பானது எழுத்து என்று காணப்படும். தலைமுறைகள் பல கடந்த பின்னும் அதே பெயர் வருதலின், அஃது ஒருவர் பெயரன்று. வழிவழியாக அப்பணியாற்றிய குடியின் பெயர் என்பது தெளிவு. திருநின்றவூர் எங்கே உள்ளது? சென்னையிலிருந்து அரக்கோணம் வரும் இருப்புப் பாதையில் நம்மவர் நாளும் கடந்து செல்லும் நிலையந்தான் அது! அவ்வூரைத் தம் பெயரிலே தாங்கிய குடியினர் வேங்கட மலையேறிக் கணக்கெழுதினர். நம்மைப் போலவே சொந்த ஊரின் பெயரை உடன் கொண்டு வந்து, வேற்றூரில் எழுத்து வேலை பார்த்தவர்கள் அவர்கள்.

அவர்களைப் புலவர் என்று எவரும் பாடவில்லை. அவர்கள் காவியம் இயற்றவும் இல்லை. ஆனால் வேந்தர் கொடுத்ததையும் எளியவர் கொடுத்ததையும் ஒரே வகையாக எழுதி, கடைசியில் இஃது என் எழுத்து என்று பொறுப்பேற்றனர். ஐந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்பு ஆராய்ச்சியாளர் இந்நாட்டின் நீர்ப்பாசனத்தையும் விளைச்சலையும் விலைவாசியையும் அறிவது அவர்கள் எழுத்தினால்தான். அதே மலையில், பதினைந்தாம் நூற்றாண்டில், தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் தெலுங்கில் ஆயிரக்கணக்கான பாடல்களை இயற்றினார். அவை செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றன. கல்லிலே தமிழ்க் கணக்கு. செம்பிலே தெலுங்குப் பாட்டு. இரண்டும் ஒரு கோயிலின் செல்வம். பாடியவர் மட்டும் நிறைந்தவர், கணக்கெழுதியவர் நிறையாதவர் என்று நாம் கூறுவோமா?

இக்காலத்திற்கு வருவோம். தத்துவப் பேரறிஞரும் குடியரசின் இரண்டாம் தலைவருமாகிய டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் தோன்றினார். அவர் குடிப்பெயரில் உள்ள சர்வேபள்ளி என்பது நெல்லூர்ப் பக்கத்து ஊர். இளமையில் அவர் பயின்ற பள்ளிகளுள் ஒன்று நம் திருப்பதியில் லூத்தரன் மிஷனார் நடத்தியது. தெலுங்கர் தமிழ்ப் பக்கம் குடிபெயர்ந்ததும், தமிழர் தெலுங்குப் பக்கம் குடிபெயர்ந்ததும் இந்நிலத்தில் புதியன அல்ல என்பதற்கு அவர் குடும்பமே எடுத்துக்காட்டு.

முன்பு அண்டை மாவட்டமாக இருந்த வடார்க்காட்டில் தோன்றிய டாக்டர் மு. வரதராசனாரின் வரலாறு, நம் போன்ற எழுத்தர்க்கு இன்னும் நெருங்கியது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர் அவர். உடல் நலம் குன்றி வேலையை விட்டவர், தாமே பயின்று 1935-இல் வித்துவான் தேர்வில் முதல்வராகத் தேறினார். பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். அவர் எழுதிய திருக்குறள் தெளிவுரை நம் வீடுகளில் பலவற்றில் உள்ளது. கோப்பு கட்டிய கை எளிய உரை எழுதிய கையாயிற்று. பதவி உயர்ந்ததால் அவர் சான்றோர் ஆகவில்லை. சான்றாண்மை இருந்தமையால் பதவிக்கு அவரால் பெருமை உண்டாயிற்று.

சான்றிதழும் சான்றோரும்

கல்வியைத் தேர்வு வைத்து அளக்கும் வழக்கம் நம் நாட்டில் பரவியது அண்மைக் காலத்தில்தான். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகளாகத் தேர்வு நடத்தியது. திருப்பதியில் 1954-இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகம், 1983-இல் மகளிர்க்கெனத் தோன்றிய பத்மாவதி பல்கலைக்கழகம், முன்பு வித்தியாபீடமாக இருந்து 2020 முதல் தேசியப் பல்கலைக்கழகமாக விளங்கும் வடமொழிக் கல்லூரி என்பன ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர்க்குப் பட்டம் வழங்குகின்றன. வடமொழிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டத்திற்கு வித்தியாவாரிதி, அஃதாவது கல்விக் கடல், என்று பெயர். எத்துணை அழகிய பெயர்!

பட்டங்களை நான் குறைத்துக் கூறவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை தலைநிமிர்வதற்கு இன்று பட்டமே ஏணி. நம் காலனிப் பெண்மக்கள் கல்லூரி சென்று பட்டம் பெறுவது நம் தாய்மார் கனவிலும் காணாத பேறு. கல்லாமையையும் வள்ளுவர் ஓர் அதிகாரத்தால் கடிந்திருக்கிறார். ஆகவே, 'குணம் போதும், படிப்பு எதற்கு?' என்று பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்துவார்க்கு இச்சொல் துணை நில்லாது. ஒருவரை நிறைக்கும் ஊற்றுகளுள் கல்வி முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஊற்று வேறு, நிறைவு வேறு.

தேர்வில் தேறினார் என்று எழுதித் தரும் தாளுக்குச் சான்றிதழ் என்று பெயர். சான்று என்பதும் சால் என்னும் வேரைச் சார்ந்ததே என்று அறிஞர் பலர் கொள்வர். சான்றிதழ் ஒரு நாளில் எழுதிய தேர்வுக்குச் சான்று. ஒருவர் சான்றோர் என்பதற்கோ அவர் வாழ்ந்த வாழ்வே சான்று. அலுவலகத்தில் சான்றிதழைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அண்டை வீட்டில் நள்ளிரவில் நோய் வந்தபோது ஓடிவந்து நின்றவரிடம் எவரும் சான்றிதழ் கேட்பதில்லை.

நாம் செய்யத்தக்கவை

இதுவரை கண்டவற்றால் தெளிவாவது இது. சான்றோர் என்பவர் நிறைந்தவர். கல்வியும் கேள்வியும் அவரை நிறைக்கலாம். அன்பும் நாணும் வாய்மையும் இன்றி அந்நிறைவு முற்றுப் பெறாது. அதனைக் கண்டு சொல்ல வேண்டியவர் பிறர். இதனை ஏற்போமாயின் நம் சங்கம் செய்யத்தக்கவை மூன்று என்று பணிவுடன் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஒன்று: ஆண்டு விழாவில் மிகுந்த மதிப்பெண் பெற்ற மாணவர்க்குப் பரிசளிக்கிறோம். அது தொடரட்டும். அதனோடு, எத்தேர்விலும் தேறாதவராயினும் நம்மிடையே நிறைவாழ்வு வாழ்ந்த ஒரு முதியவரையோ அன்னையையோ ஆண்டுக்கு ஒருவராக மேடையேற்றிச் சான்றோர் என்று அழைப்போம். 'எனக்கு என்ன தெரியும்' என்று ஒதுங்கியவரின் வாயிலிருந்து நம் பிள்ளைகள் கேட்டறிய வேண்டியவை மிகுதி. கல்விக்கு அடுத்துக் கேள்விக்கும் வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்ததன் பயன் அதுவே.

இரண்டு: ஞாயிறுதோறும் ஒரு மணி நேரமேனும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்பிப்போம். அவர்கள் அறிந்த தெலுங்கைத் தடையாகக் கருத வேண்டா. அதனையே படியாகக் கொள்வோம். சாலு என்பதை அறிந்த பிள்ளைக்குச் சால்பு என்பதைக் கற்பிப்பது அரிதன்று. கலி, எறுகு, சாலா என்று உறவுச் சொற்களைக் காட்டிக்கொண்டே சென்றால், தமிழ் அவர்களுக்கு வேற்று மொழியாகத் தோன்றாது. அண்டை வீட்டுத் தெலுங்கும் கன்னடமும் வேற்று மொழிகளாகத் தோன்றா. பாட்டியின் கடிதத்தைப் படித்து மறுமொழி எழுதும் நாளில், நம் பிள்ளையின் படிப்பில் இருந்த ஒரு வெற்றிடம் நிறைந்ததாகும்.

மூன்று: வரவேற்புரையில் சான்றோர்களே என்று அழைக்கும்போது, அச்சொல் முன் வரிசையை மட்டும் நோக்காமல் அவை முழுவதையும் நோக்கி ஒலிக்கட்டும். அதனைக் கேட்கும் நாமும், இப்பெயருக்கு ஏற்ப நாம் நிறைந்துள்ளோமா என்று ஒரு கணம் நம்மை வினவிக் கொள்வோம்.

படிப்பு எவ்வளவு என்று கேட்டால் நம்மில் பலரும் ஓர் எண்ணைச் சொல்லி நிறுத்தி விடுகிறோம். பத்து என்பார் சிலர். பதினைந்து என்பார் சிலர். சால் என்னும் வேரின் இரு கிளைகளும் நமக்குக் கற்பிப்பது வேறு. தேவைகளிலே சாலு என்று தெலுங்கில் சொல்லப் பழகுவோம். பண்பிலும் அறிவிலும் சாலாது என்று தமிழில் சொல்லி மேலும் நிறைய முயல்வோம். அவ்வாறு வாழும் குடும்பங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும், எந்தக் குவார்ட்டர்ஸில் இருந்தாலும், அவை சான்றோர் குடும்பங்களே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!